முதியோர் இல்லத்தில் தொற்று பரவாமல் காப்பது எப்படி: ஒரு செவிலியரின் முழுமையான வழிகாட்டி

அந்தப் பாட்டி மூன்று மாதமாகச் சொறிந்துகொண்டிருந்தார். "வயசான தோல், வறண்டுபோச்சு, தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்று சொல்லியே நாளை ஓட்டியிருந்தார்கள். நான் அந்த இல்லத்துக்கு வேலைக்குப் போன இரண்டாம் நாள், அவருடைய கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டைப் பார்த்தேன். பென்சிலால் லேசாகக் கிறுக்கியதுபோலச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். விரலிடுக்கிலும் அதே கோடுகள். சிரங்கு. டாக்டர்கள் ஸ்கேபிஸ் என்பார்கள்.

அன்று மாலைக்குள் எல்லோரையும் பார்த்து முடித்தேன். அதே கூடத்தில் படுத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆயாக்களில் மூன்று பேருக்கும் இருந்தது. அவர்களில் ஒருவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ரெண்டு மாசமா அரிக்குது சிஸ்டர். சொன்னா வேலைக்கு வராதேன்னுடுவாங்க. லீவு போட்டா சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. அதான் வாய தொறக்கல."

தொற்றுத் தடுப்பு பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆயா சொன்னதை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் சம்பளம் சீக்கிரமே வந்துவிடும், சானிடைசர் அதற்குப் பிறகுதான் வரும். இல்லம் நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கிறவர்கள், பெற்றோரை அங்கே விட்டிருக்கிறவர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

1. ஒரு ஆள், ஒரு நோட்டு

"எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் நர்சிங் ஹோம்கள் ஒவ்வொன்றிலும் தொற்றுத் தடுப்புக்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் பகுதி நேரமாவது இருந்தாக வேண்டும். 2016-இல் எழுதிய மத்திய விதி இது, இந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 2019 நவம்பரில். நம் ஊர் இல்லத்தில் தனி ஆள் போட வசதி இருக்காது. பகல் டூட்டி சிஸ்டரே போதும், ஆனால் தினமும் அரை மணி நேரம் அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

அவர் கையில் ஒரு நீள நோட்டு இருக்கட்டும். தேதி, பெயர், அறை, கட்டில், என்ன தொந்தரவு, எப்போது ஆரம்பித்தது, யூரின் டியூப் அல்லது புண் உண்டா, என்ன மருந்து, எப்போது சரியானது. வேலை செய்கிறவர்களின் பெயரும் இதே நோட்டில் வர வேண்டும், அவர்களுக்குத் தனி நோட்டு போடாதீர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்தால்தான், ஞாயிற்றுக்கிழமை இரவு டூட்டி ஆயாவுக்கு வயிற்றுப்போக்கு, செவ்வாய்க்கிழமை அவர் சோறு ஊட்டிய இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்பது கண்ணில் படும்.

2. நோயுற்ற ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு

2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லண்ட் நகர இல்லம் ஒன்றில் கொரோனா புகுந்தது. மார்ச் 18-க்குள் அதனோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று உறுதியானது: இல்லத்தில் இருந்தவர்கள் 101, ஊழியர்கள் 50, பார்க்க வந்தவர்கள் 16. அந்த 101 பேரில் 34 பேர் இறந்துபோனார்கள். சுகாதாரத் துறை விசாரித்தபோது, சுற்றுவட்டார இல்லங்களுக்கும் தொற்று பரவக் காரணங்களாகத் தெரிந்தவற்றில் இரண்டு: உடம்பு சரியில்லாமலேயே வேலைக்கு வந்த ஊழியர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்த ஊழியர்கள். நம் ஊரிலும் காலையில் ஒரு ஹோம், இரவில் ஒரு வீட்டு நோயாளி என்று ஓடுகிற ஆயாக்களை எனக்குத் தெரியும். சம்பளம் பற்றாமல்தான் ஓடுகிறார்கள்.

ஆகவே எழுதி ஒட்ட வேண்டியது இது. காய்ச்சல், இருமல் என்றால் வர வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் முழுக்க நின்று 48 மணி நேரம் கழித்து வந்தால் போதும். தோலில் அரிப்பு, கொப்புளம், சீழ் என்றால் அன்றே காட்டுங்கள். இவை எதற்கும் சம்பளம் பிடிக்க மாட்டோம். கடைசி வரி இல்லாவிட்டால் முதல் மூன்றையும் ஒட்டுவதில் பயனில்லை. "அத்தனை பேருக்கும் லீவு கொடுத்தால் கட்டுப்படியாகுமா?" என்று ஒரு நிர்வாகி கேட்டார். ஒரு ஆயாவின் இரண்டு நாள் கூலியையும், ஐந்து பெரியவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி மூன்று தவணை, ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, இரண்டையும் இல்லமே போட்டுவிடுவது நல்லது. உள்ளே இருக்கும் பெரியவர்களுக்கும் ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும். நிமோனியா தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

3. கை கழுவுவது

உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நம் வேலையில் வைத்துச் சொன்னால்: பெரியவரைத் தொடுவதற்கு முன், புண்ணுக்குக் கட்டுப் போடுவது, டியூப்பைத் தொடுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன், மலம், சிறுநீர், சளி, ரத்தம் பட்டிருக்கலாம் என்ற வேலைக்குப் பின், அவரைத் தொட்டு முடித்த பின், அவரைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், போர்வை, மேசையைத் தொட்ட பின். எல்லோரும் மறப்பது கடைசியைத்தான்.

சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. கை அழுக்காகத் தெரிந்தால் சோப்புதான். வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனித்த பிறகும் சோப்புதான், ஏனென்றால் நோரோ வைரஸை ஆல்கஹால் சரியாக அடக்காது, சி. டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துகளை அது ஒன்றுமே செய்யாது.

கையுறை விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. காலை ஆறு மணிக்குப் போட்ட கையுறையோடு ஆறு கட்டில் டயப்பரையும் மாற்றிவிட்டு, அதே கையால் ஃப்ளாஸ்க்கைத் திறக்கிறார்கள். அந்தக் கையுறை காப்பாற்றியது ஆயாவின் கையை மட்டும்தான். ஆளுக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை கழுவ வேண்டும். டூட்டியில் மோதிரம், வளையல், கைக்கயிறு வேண்டாம்.

சானிடைசரை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். மறதி நோய் உள்ளவர்கள் இருக்கிற கூடத்தில் மேசைமேல் பாட்டில் வைத்தால், யாராவது குடித்துவிடுவார்கள். ஊழியர் பையில் சின்ன பாட்டில் கொடுப்பதே பாதுகாப்பு.

4. புதிதாக ஒருவர் வரும்போது

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறவர் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுக்கப் படியுங்கள். எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) மருந்துக்கு அடங்காத கிருமி ஏதும் வந்ததா, யூரின் டியூப் எந்தத் தேதியில் போட்டது, ஏன் போட்டது. பிறகு கதவைச் சாத்தி, உச்சந்தலை முதல் கால்விரல் இடுக்கு வரை தோலைப் பாருங்கள். முதுகுத்தண்டின் அடி, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றிலும் படுக்கைப்புண் இருக்கிறதா என்று குறியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், பொதுக்கூடத்தில் கட்டில் போடும் முன்பே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அங்கே இலவசம்தான். மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறது என்பதற்காக ஒருவரைச் சேர்க்க மறுப்பது அநியாயம். டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, புண் கட்டுவது போன்ற நெருக்கமான வேலையின்போது மட்டும் கையுறையும் மேலங்கியும் போட்டால் போதும். அவர் எல்லோரோடும் உட்கார்ந்து டிவி பார்க்கலாம்.

5. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வேறு மாதிரி வரும்

நம் உடம்பு 102 காட்டும் தொற்றில் எண்பது வயதுக்காரரின் உடம்பு 99 மட்டும் காட்டலாம். அதனால் கணக்கும் வேறு. வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரு முறை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், அல்லது மறுபடி மறுபடி 99-ஐத் தாண்டினாலும், அல்லது அவருடைய வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடினாலும் காய்ச்சல்தான். வழக்கமான சூடு என்னவென்று தெரிய வேண்டுமானால், நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

தெர்மாமீட்டரைவிட ஆயாவின் கண் கூர்மை. "ஐயா நேத்து வரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், இன்னிக்கு யாருன்னு கேக்கிறார்." "அம்மா ரெண்டு வேளையா சாப்பாட்டைத் தள்ளிட்டாங்க." திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, காரணமில்லாமல் விழுவது, எப்போதும் நடப்பவர் எழ மறுப்பது: இவற்றைக் கேட்டவுடன் சூடு, நாடி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு நான்கையும் பாருங்கள். நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

6. டியூப், புண், வாய், விரல்

யூரின் டியூப் உள்ளவருக்கு முதல் கேள்வி: இது இன்னும் வேண்டுமா? நனைந்த பெட்ஷீட்டை மாற்றும் வேலை மிச்சம் என்பதற்காக டியூப் போட்டு வைப்பது தொற்றைக் கூலி கொடுத்து அழைப்பதுதான். வேண்டும் என்றால், பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். சக்கர நாற்காலியில் தள்ளும்போது பையை மடியில் வைக்கிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, சிறுநீர் திரும்பி உள்ளே போகும். டியூப்பையும் பையையும் சும்மா சும்மா பிரிக்கக் கூடாது. காலி செய்யும் குவளை ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்று உடனே கல்ச்சர் அனுப்பி ஆன்டிபயாடிக் தொடங்குவதையும் நிறுத்துங்கள். நீண்ட நாள் டியூப் உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சல், வலி போன்ற தொந்தரவு இல்லாமல் மருந்து கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிட்ட கதையாகும். தொந்தரவு இருந்து கல்ச்சர் எடுப்பதானால், பழைய டியூப்பை மாற்றிவிட்டுப் புதிய டியூப்பிலிருந்து எடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதது வாய். பல் தேய்க்காத வாயில் வளரும் கிருமி, புரையேறும்போது நுரையீரலுக்குள் போகிறது. ஜப்பானின் முதியோர் இல்லங்களில் ஊழியர்களே ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பல் தேய்த்துவிட்டுப் பார்த்தார்கள், நிமோனியா குறைந்தது. அந்த ஆய்வு 1999-இல் வெளியானது. பல்லே இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் மென்மையான துணியால் துடையுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். சாப்பாடு ஊட்டும்போதும், அதற்குப் பிறகு அரை மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும்.

சர்க்கரை பார்க்கும்போது விரலில் குத்தும் பேனா ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். "ஊசியைத்தான் மாத்திட்டோமே சிஸ்டர்" என்பார்கள். பேனாவின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஹெபடைடிஸ் பி பலமுறை பரவியதற்கு இந்தப் பொதுப் பேனாவும் துடைக்காத குளுக்கோமீட்டரும் காரணமாக இருந்திருக்கின்றன. இன்சுலின் பேனாவையும் இரண்டு பேருக்குப் போடக் கூடாது, ஊசி புதிதானாலும்.

7. ப்ளீச் கணக்கு

பெரும்பாலான இல்லங்களில் ப்ளீச் கலப்பது "ஒரு மூடி ஊத்து" என்ற அளவில்தான் நடக்கிறது. சரியான கணக்கு சுலபம். தரை, கட்டில் கம்பி, கைப்பிடி, சுவிட்ச் துடைக்க 0.1 சதவீதம். ரத்தம், வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு 0.5 சதவீதம்.

உங்கள் கேனில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்று போட்டிருந்தால்: 0.1-க்கு 20 மில்லியோடு 980 மில்லி தண்ணீர், 0.5-க்கு 100 மில்லியோடு 900 மில்லி தண்ணீர். கேனில் 10 சதவீதம் என்றால் ப்ளீச் அளவு பாதி: 10 மில்லி, 50 மில்லி. 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்குச் சுமார் 3 கிராம், 17 கிராம். அன்றன்று கலக்கி, மிச்சத்தை இரவில் கொட்டிவிடுங்கள்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். தேங்கிய சிறுநீர்மேலும் ப்ளீச்சை ஊற்றாதீர்கள், அதிலும் கெட்ட வாயு வரும். முதலில் துடைத்துக் கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

வாந்தி எடுத்தால்: கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, பழைய துணியோ பேப்பரோ போட்டு ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பிறகு 0.5 சதவீதத்தை ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அழுக்கை எடுக்காமல் ப்ளீச் ஊற்றினால், ப்ளீச் முழுவதையும் அழுக்கே தின்றுவிடும். துடைக்கும்போது மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்கு வாருங்கள். கழிவறை மாப் வேறு நிறத்தில் இருக்கட்டும், அது வாசலைத் தாண்டி வரவே கூடாது.

8. துணி, சாப்பாடு, தண்ணீர், குப்பை

அழுக்குத் துணியை உதறாதீர்கள், மார்போடு அணைத்துத் தூக்காதீர்கள், கட்டிலருகிலேயே பையில் போடுங்கள். வெயில் இருக்கிற ஊரில் அதைவிட நல்ல உலர்த்தி இல்லை. சமைத்த சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியை மூடி வையுங்கள், குடிநீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். குப்பைக்கு 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின் நிறம்: புண் கட்டிய பஞ்சு மஞ்சள் பையில், டியூப்பும் யூரின் பையும் கையுறையும் சிவப்புப் பையில், ஊசியெல்லாம் குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், அப்படி மாட்டும்போதுதான் விரலில் குத்துகிறது.

9. பரவ ஆரம்பித்துவிட்டால்

72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்குக் காய்ச்சலோடு இருமல் என்றால், மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே பரிசோதனை, அன்றே டாக்டர். ஃப்ளூ உறுதியானால் மருந்தை நோயுற்றவருக்கு மட்டுமல்ல, கூட இருந்தவர்களுக்கும் தடுப்பாகக் கொடுப்பது உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். தனி அறை இல்லாவிட்டால் ஒரே நோய் உள்ளவர்களை ஒரு பக்கம் சேருங்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் குறைந்தது ஒரு மீட்டர் இடம் விட்டு, ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் இருக்கும்படி படுக்க வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரே ஆயாவைப் போடுங்கள், அவர் மற்ற பக்கம் போக வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் வரை தனியாக வைக்க வேண்டும். அதுவரை கூடிச் சாப்பிடுவது, பஜனை எல்லாம் நிறுத்தம். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு பக்கம் தொடர்ந்து கொடுங்கள். வயதானவர்கள் கிருமியால் சாவதைவிட நீர் வற்றிச் சாவது சுலபம்.

தனிமைப்படுத்துவது என்றால் பூட்டி வைப்பது இல்லை. தினமும் போனில் மகனின் குரல் கேட்கட்டும், வராந்தாவில் தனியாக ஒரு நாற்காலி போட்டு வெயில் படட்டும்.

சிரங்குக்கு வருகிறேன். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க 2 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் அவர் மற்றவருக்குக் கொடுத்துவிடுவார். அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போட்டால் அது சுற்றிச் சுற்றி வரும். நான் மேலே சொன்ன இல்லத்தில் எனக்கு முன்பே இரண்டு முறை அப்படிப் போட்டுத் தோற்றிருந்தார்கள்.

முதலில் பட்டியல்: உள்ளே இருப்பவர்கள், ஊழியர்கள், ஊழியர்களின் வீட்டில் இருப்பவர்கள், வாரம் ஒருமுறை வரும் முடிதிருத்துபவர், பிசியோதெரபிஸ்ட். எல்லோருக்கும் ஒரே நாள் மாலை. நகம் வெட்டி, குளிப்பாட்டி, ஈரம் போகத் துடைத்து, டாக்டர் எழுதிய 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவ வேண்டும். வயதானவர்களுக்கு உச்சந்தலை, காதின் பின்புறம், நெற்றியிலும் தடவச் சொல்வார்கள், கண்ணும் வாயும் மட்டும் விலக்கு. நக இடுக்கு, தொப்புள், மார்புக்கு அடி, அரைஞாண் கயிற்றுக்கு அடி எதையும் விடக் கூடாது. 8 முதல் 14 மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும். நடுவில் கை கழுவினால், டயப்பர் மாற்றினால், அந்த இடத்தில் மறுபடி தடவுங்கள். காலையில் குளிப்பாட்டி, முந்தைய மூன்று நாளில் புழங்கிய துணி எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் இறுக்கிக் கட்டி வையுங்கள், ஆள் உடம்பு இல்லாமல் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஏழு நாள் கழித்து எல்லோருக்கும் இதே வேலை இன்னொரு முறை.

தோல் தடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறவர் யாராவது இருந்தால் அவரைத் தனியாகக் காட்டுங்கள். சாதாரணச் சிரங்கில் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும், இந்தப் பொருக்குச் சிரங்கில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் இருக்கும். அவருக்கு மாத்திரையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். பயந்துபோய் மறுபடி மறுபடி க்ரீம் தடவாதீர்கள், தோல்தான் புண்ணாகும். கடைசியாகக் கண்டவரிலிருந்து ஆறு வாரம் வரை, வாரம் ஒருமுறை எல்லோருடைய மணிக்கட்டையும் விரலிடுக்கையும் பார்த்து நோட்டில் குறியுங்கள்.

ஆறாவது வாரம் அந்தப் பாட்டியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுக் கோடு ஒன்றும் இல்லை. க்ரீம் தடவுவதற்காகக் கழற்றிய வளையல்களை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தோம். நான் கையை விட்டதும் பாட்டி கேட்டார்: "பாத்தாச்சுல்ல? என் வளையலைக் குடு, சிஸ்டரம்மா."